மதிப்பெண் கையில் இருக்கிறது, குழுவும் பிரித்தாயிற்று. அப்புறம் என்ன செய்வது?

ஏழுமணிபஸ்

எல்லோருக்கும் வணக்கம். ஈராசிரியர் பள்ளியில் இடைநிலை ஆசிரியர். ஒன்று முதல் மூன்று வரை ஹெச்.எம். பார்த்துக்கொள்கிறார், நாலும் ஐந்தும் என் பொறுப்பு. ஒரே அறை, 26 பிள்ளைகள். நடுவில் ஒரு தட்டிதான், அந்தப் பக்கம் பாட்டு நடந்தால் இந்தப் பக்கம் கணக்கு நடக்காது.

அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-ல் வந்தபோது இந்தப் பிள்ளைகள் கீழ் வகுப்புகளில் இருந்தார்கள். அரும்பு, மொட்டு, மலர் என்று கீழிருந்து மேலாக மூன்று கற்றல் நிலையாக அப்போது பிரித்த பெயர் இன்னும் அவர்கள் மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நானும் ஜூனில் மதிப்பெண்ணைப் பார்த்து மூன்று வரிசையாக உட்கார வைத்தேன். இப்போது ஆகஸ்ட். ஒருவர்கூட வரிசை மாறவில்லை. உண்மையைச் சொன்னால் நான் செய்வது இவ்வளவுதான்: ஒரே பாடத்தை முதல் வரிசைக்கு ஒரு தடவை, நடுவரிசைக்கு மெதுவாக ஒரு தடவை, கடைசி வரிசைக்கு இன்னும் மெதுவாகவும் கொஞ்சம் சத்தமாகவும் ஒரு தடவை.

போன வாரம் ஒரு பெண்ணைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டேன். எழுந்திருக்கவே இல்லை. "நான் அரும்பு சார், எனக்கு அது வராது" என்றாள். கோபமில்லை, அழுகையில்லை, ஏதோ ஊர்ப்பெயர் சொல்வது போலச் சொன்னாள். அன்று சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது முழுக்க அதுதான் மண்டையில் ஓடியது.

சரி, கேள்விக்கு வருகிறேன். புதன்கிழமை ஆறு கழித்தல் கணக்கு கொடுத்தேன். ஆறும் சரி 9 பேர். ஐந்து சரி 3 பேர். நாலு சரி 4 பேர். ஒன்று மட்டும் சரி 5 பேர். பூஜ்யம் ஒரு பிள்ளை (மேலே சொன்ன அதே பெண்தான்). மீதி 4 பேர் இரண்டு, மூன்று என்று வாங்கியிருக்கிறார்கள். இதை வைத்து எப்படிக் குழு பிரிப்பது? ஒரு குழுவோடு நான் உட்கார்ந்தால் மற்றவர்களை என்ன செய்யச் சொல்வது? செய்து பார்த்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும். பயிற்சியில் சொன்னது எனக்கும் தெரியும், அது வேண்டாம்.

சாக்பீஸ்தூள்

சார், நீங்கள் பரவாயில்லை, யோசிக்கவாவது நேரம் இருக்கிறது. எங்கள் பக்கம் டவர் கிடைக்கும் இடம் பள்ளிக்கு வெளியே தண்ணீர்த் தொட்டி பக்கத்தில்தான். மதிப்பீட்டைச் செயலியில் ஏற்றி முடிக்கவே மதியம் ஆகிவிடுகிறது. ஏற்றிய பிறகு அதைத் திரும்பிப் பார்த்த ஆள் யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள். நான் தூக்க மாட்டேன்.

பழையமணி

ஏழுமணிபஸ் சார், அந்தப் புதன்கிழமை தாள்களைத் தூக்கிப் போட்டுவிடவில்லையே? மதிப்பெண் எனக்கு வேண்டாம். அந்தப் பிள்ளைகள் என்ன விடை எழுதினார்கள் என்று அப்படியே இங்கே எழுதுங்கள். தப்பான விடைதான் முக்கியம். சரியான விடை எல்லோருக்கும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

நான் 33 வருஷம் தொடக்கப் பள்ளியில் இருந்துவிட்டு 2019-ல் ஓய்வு பெற்றவள். செயல்வழிக் கற்றல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-ல் தொடங்கி, நாலைந்து வருஷத்தில் மாநிலம் முழுக்க வந்தபோது எங்கள் பள்ளிக்கும் வந்தது. ஆந்திராவில் இருக்கிற ரிஷிவேலி பள்ளியிலிருந்து வந்த முறை என்பார்கள். பாடங்களைப் படிப்படியாகக் காட்டும் கற்றல் ஏணி, அட்டைகள், தரையை ஒட்டிக் கீழ்மட்டக் கரும்பலகை, பிள்ளைகள் செய்ததைத் தொங்கவிடத் தலைக்கு மேலே கம்பிப்பந்தல். பிள்ளைகள் தாங்களாகவே வந்து அட்டையை எடுத்து, அதில் போட்டிருக்கும் குழுத்தட்டில் போய் உட்காருவார்கள். ஆசிரியர் துணைக்குழு, சக மாணவர் குழு என்று. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது, இன்றைக்கும் பிடிக்கும். ஆனால் இரண்டு வருஷம் கழித்து ஒரு நாள் பார்த்தேன்: பையன் எந்தப் படியில் நிற்கிறான் என்று கேட்டால் டக்கென்று சொல்லிவிடுவேன். ஏன் அங்கேயே நிற்கிறான் என்று கேட்டால் முழிப்பேன். ஏணியில் அது எழுதியிருக்காது. உங்கள் மூன்று வரிசையும் அதே கதைதான்.

தாளை எடுங்கள் முதலில்.

ஏழுமணிபஸ்

டீச்சர், தாள் இருக்கிறது. பீரோவில்தான் போட்டு வைத்திருந்தேன்.

கணக்குகள் இவை: 58−23, 52−27, 40−16, 305−128, 613−245, 700−6.

ஒன்று மட்டும் சரியாகப் போட்ட ஐந்து பேரில் ஒருவன் தாள்: 35, 35, 36, 223, 432, 706. மற்ற நாலு பேரும் கிட்டத்தட்ட இப்படித்தான்.

நாலு சரியாகப் போட்டவர்கள்: 305−128-க்கு 277, 700−6-க்கு 794. நாலு பேருக்கும் இதே இரண்டில்தான் போயிருக்கிறது. 700-ல் 6 எடுத்தால் 794 எப்படி வரும், எனக்கே சிரிப்பு வந்தது.

ஐந்து சரியாகப் போட்ட மூன்று பேரும் 700−6-ஐ 100 என்று எழுதியிருக்கிறார்கள்.

பூஜ்யம் வாங்கிய பெண்: 46, 36, 35, 288, 479, 695.

மீதி நாலு பேர் தாளில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

பழையமணி

பார்த்தீர்களா, இப்போது பேசலாம்.

முதலில் அந்தப் பெண். அவள் தாளை நான் இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன். 52−27-க்கு 36. பன்னிரண்டிலிருந்து ஏழு போனால் ஆறு என்று போட்டிருக்கிறாள், ஐந்தை நாலாகக் குறைத்து நாலிலிருந்து இரண்டு போனால் மூன்று என்று போட்டிருக்கிறாள். ஒவ்வொரு இலக்கத்திலும் ஒன்று கூடுதல், அவ்வளவுதான். 305−128-ல் பூஜ்யத்தைத் தாண்டி நூறிலிருந்து கடன் வாங்கி, நடுவில் 9 வைத்து, நூறை 2 ஆக்கி எல்லாம் செய்திருக்கிறாள். நாலு மதிப்பெண் வாங்கியவர்களுக்கே வராதது அது. உங்கள் வகுப்பில் கடன் வாங்கிக் கழிப்பதை முழுசாகப் புரிந்துகொண்டவர்களில் இவளும் ஒருத்தி. பூஜ்யம் போட்டு அரும்பில் உட்கார வைத்திருக்கிறோம்.

ஏன் ஒன்று கூடுகிறது? விரல்விட்டு எண்ணும்போது எட்டிலிருந்து மூன்றைக் கழிக்க, "எட்டு, ஏழு, ஆறு" என்று மூன்று விரலை மடக்கி ஆறு என்கிறாள். நிற்கிற இடத்தையே முதல் எண்ணிக்கையாக எண்ணுகிறாள். இவளுக்குக் குழு வேண்டாம். வெளியே மண்ணில் பத்துக் கட்டம் போட்டு எட்டில் நிற்கச் சொல்லுங்கள். பின்னால் ஒரு தாண்டு தாண்டினால் எங்கே நிற்கிறாய் என்று கேளுங்கள். பாண்டி ஆடுகிற பிள்ளை, ஒரு இடைவேளைக்கே தெளிந்துவிடும்.

706 எழுதிய ஐவர் வேறு ரகம். அவர்கள் மேலே கீழே பார்ப்பதே இல்லை, எது பெரிசோ அதிலிருந்து சின்னதைக் கழிக்கிறார்கள். இதில் அவர்கள் குற்றம் கொஞ்சம்தான். ஒன்றாம் வகுப்பில் "பெரியதிலிருந்து சின்னதைக் கழி" என்று நாம்தானே பாட்டாகப் பாடிச் சொல்லிக் கொடுத்தோம்? சொன்ன பேச்சைக் கேட்டிருக்கிறார்கள், பாவம். இவர்களுக்கு மூன்று நாள் பென்சிலே கொடுக்காதீர்கள். ஈர்க்குச்சியை ஒடித்துப் பத்துப் பத்தாக ரப்பர்பேண்ட் போட்டுக் கட்டுங்கள். ஐந்து கட்டு, இரண்டு உதிரி. "இதில் எனக்கு 27 குச்சி கொடு." கட்டைப் பிரிக்காமல் கொடுக்க முடியாது. அந்தக் கட்டை அவன் கையாலேயே பிரிக்க வேண்டும், நீங்கள் பிரித்துக் காட்டக் கூடாது. நாலாம் நாள் பிரித்ததை எழுதச் சொல்லுங்கள்.

இன்னொன்று. போன வருஷ வருகைப்பதிவேட்டை எடுத்து இந்த ஐந்து பேரை மட்டும் பாருங்கள். ஏன் என்று அப்புறம் சொல்கிறேன்.

277, 794 எழுதியவர்கள் கடன் வாங்கத் தெரிந்தவர்கள், பூஜ்யத்திடம் வாங்கும்போது மட்டும் தடுமாறுகிறார்கள். பூஜ்யத்தை ஒன்பதாக்கிவிட்டு, அந்த ஒன்பது எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். நூறு அப்படியே இருக்கிறது. இங்கேதான் நான் "கடன்" என்ற சொல்லையே விட்டுவிட்டேன். திருப்பித் தராத கடன் என்ன கடன் டீச்சர் என்று ஒரு பையன் கேட்டான், பதில் சொல்ல முடியவில்லை. அன்றிலிருந்து "சில்லறை மாற்று" என்றுதான் சொல்வேன். அட்டையில் வெட்டிய நோட்டு போதும். 305 என்றால் மூன்று நூறு, ஐந்து ஒரு ரூபாய். பத்து ரூபாய் நோட்டு ஒன்றுகூட இல்லை. கடைக்காரனுக்கு 128 கொடுக்க வேண்டும். நூறை மாற்றினால் பத்துப் பத்து வரும், அதில் ஒரு பத்தை மாற்றினால்தான் ஒரு ரூபாய் வரும். அந்தப் பத்து நோட்டுகளில் ஒன்று போய் ஒன்பது மிச்சம் இருப்பதைக் கண்ணால் பார்க்கட்டும்.

100 எழுதிய மூன்று பேருக்குக் கட்டம் போட்ட நோட்டு கொடுங்கள். 6-ஐ 7-க்குக் கீழே எழுதியிருக்கிறார்கள். எழுநூறு ரூபாயில் ஆறு ரூபாய்க்குத் தேன்மிட்டாய் வாங்கினால் நூறு ரூபாய்தான் மிஞ்சுமா என்று கேட்டாலே சிரித்துவிடுவார்கள். இரண்டு நிமிஷ வேலை, குழு எதற்கு?

பிடிபடாத நாலு பேரை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போடச் சொல்லுங்கள். நீங்கள் வாயைத் திறக்காதீர்கள். கஷ்டம்தான், எனக்கு அது வர பத்து வருஷம் ஆயிற்று.

ஆக, உங்களிடம் இருப்பது இரண்டே குழு. நாளுக்கு ஒரு குழுவோடு 15 நிமிஷம். மற்றவர்களுக்கு அந்த நேரத்தில் புதுசு எதுவும் கொடுக்காதீர்கள், தெரிந்ததைத்தான் செய்ய வேண்டும். புதுசாகக் கொடுத்தால் ஐந்து நிமிஷத்தில் "சார், சார்" என்று வரிசை கட்டுவார்கள். ஆறும் சரியாகப் போட்ட ஒன்பது பேரைக் குட்டி வாத்தியார் ஆக்காதீர்கள். அவர்களுக்கும் படிப்பு வேண்டாமா? விடை 177 வருகிற மாதிரி எத்தனை கழித்தல் கணக்கு எழுத முடியும் என்று விட்டுவிடுங்கள், பெல் அடிக்கும்வரை ஓடும்.

வெள்ளிக்கிழமை மூன்றே கணக்கு, ஒரு துண்டுச் சீட்டில். அதில் தெளிந்தவர்கள் குழுவைவிட்டுப் போய்விடலாம். குழுவுக்குப் பெயர் வைக்காதீர்கள். பத்து நாளில் கலையப் போகிற குழுவுக்குப் பெயர் என்னத்துக்கு?

பின்னக்கணக்கு

நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்புக் கணக்கு எடுக்கிறேன். நீங்கள் அனுப்புகிற 706-கள் எல்லாம் கடைசியில் எங்களிடம்தான் வந்து சேருகின்றன, அதனால் ஆர்வமாகப் படித்தேன்.

பழையமணி டீச்சர் செய்ததை அமெரிக்காவில் பிரவுன், பர்ட்டன் என்ற இரண்டு பேர் கம்ப்யூட்டர் வைத்துச் செய்து 1978-ல் கட்டுரையாக எழுதியிருக்கிறார்கள். பிள்ளைகள் கழித்தலில் கன்னாபின்னாவென்று தப்பு செய்வதில்லை, பல பேர் ஒரு தப்பான விதியைச் சரியாகப் பின்பற்றுகிறார்கள் என்பதுதான் அதன் சாரம். கம்ப்யூட்டர் புரோகிராமில் வருகிற பிழையைச் சொல்வது போலவே அதற்கும் "பக்" என்று பெயர் வைத்தார்கள். என் பி.எட். காலத்தில் இதெல்லாம் யாரும் சொல்லவில்லை, பிறகு தற்செயலாகப் படித்தது.

ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். ஏழுமணிபஸ் சார் கொடுத்த 52−27 தப்பான தேர்வு. அதற்கு 35 என்ற விடை இரண்டு வழியில் வரும். ஏழிலிருந்து இரண்டைக் கழித்தாலும் 5, பன்னிரண்டிலிருந்து ஏழைக் கழித்தாலும் 5. ஆக, பெரியதிலிருந்து சின்னதைக் கழிப்பவனும் 35 எழுதுவான். சரியாகப் பத்தை வாங்கிவிட்டு, மேலே இருக்கும் ஐந்தை நாலாகக் குறைக்க மறந்தவனும் 35 எழுதுவான். இரண்டு பேருக்கும் மருந்து வேறு. 52−28 கொடுத்திருந்தால் முதல் ஆள் 36, இரண்டாம் ஆள் 34 என்று தனித்தனியாகத் தெரிந்திருக்கும்.

"மற்ற நாலு பேரும் கிட்டத்தட்ட இப்படித்தான்" என்று எழுதியிருக்கிறீர்கள் சார். அந்தக் கிட்டத்தட்டதான் எனக்கு உறுத்துகிறது. 40−16-ஐ மட்டும் ஐந்து தாளிலும் பாருங்கள்.

டீச்சர் சொன்னதில் ஒரு இடத்தில் எனக்கு ஒப்புதல் இல்லை. தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தால் இரண்டு பேருக்கும் நல்லதுதான். நான் வாரத்தில் ஒரு நாள் அப்படி ஜோடி சேர்த்து விடுகிறேன்.

பழையமணி

வாரத்தில் ஒரு நாள் என்றால் சரி. நான் பார்த்த இடங்களில் தினம் அதுதான் நடந்தது. 52−27 விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, நான் கவனிக்கவில்லை.

ஏழுமணிபஸ்

பின்னக்கணக்கு சார், கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஐந்து தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நாலு பேர் 40−16-க்கு 36. ஒருவன் மட்டும் 34. அவன் மற்ற விடைகள்: 305−128-க்கு 287, 613−245-க்கு 478, 700−6-க்கு 704. பத்தை வாங்குகிறான், வாங்கின இடத்தில் குறைக்கவில்லை. மதிப்பெண் அவனுக்கும் ஒன்று, இவர்களுக்கும் ஒன்று. நான் ஒரு தாளைப் பார்த்துவிட்டு ஐந்துக்கும் முடிவு கட்டியிருக்கிறேன்.

டீச்சர், வருகைப்பதிவேடும் பார்த்தேன். நாலு பேரில் மூன்று பேர் போன வருஷம் பொங்கலுக்கு அப்புறம் பள்ளிக்கே வரவில்லை. அப்பா அம்மாவோடு செங்கல் சூளைக்குப் போய்விட்டு மே மாதம்தான் திரும்பியிருக்கிறார்கள். ஜூனில் பெயர் கூப்பிட்டபோது எல்லோரும் "உள்ளேன் ஐயா" என்றார்கள், நானும் பாடத்தைத் தொடங்கிவிட்டேன்.

தமிழ் வாசிப்புக்கும் இப்படித் தப்பை வைத்துப் பிரிக்க முடியுமா?

மாலைவகுப்பு

மாலையில் வீட்டுப் பக்கத்திலேயே பாடம் சொல்லிக் கொடுக்கும் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலராக இருந்தவள் நான். ஆசிரியர் இல்லை, அதனால் தப்பாக இருந்தால் மன்னிக்கவும். கணக்கில் தமிழ் புகுந்து குழப்பும் ஒரு இடத்தைச் சொல்லலாம் என்று தோன்றியது.

எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு எண் சொல்லி எழுத வைத்தேன். "தொண்ணூறு" என்றேன், மூன்று பேர் 900 எழுதினார்கள். சரி, "தொள்ளாயிரம்" என்றேன், அதே மூன்று பேர் 9000 எழுதினார்கள். முதலில் கவனக்குறைவு என்று நினைத்துத் திட்டினேன். ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தபோதுதான் உறைத்தது: தொண்ணூறில் நூறு கேட்கிறது, தொள்ளாயிரத்தில் ஆயிரம் கேட்கிறது. இருபது, முப்பது, எண்பது என்று வந்தவன் ஒன்பதில் மட்டும் பெயர் ஒரு படி மேலே தாவுவதை எப்படி எதிர்பார்ப்பான்? காதால் கேட்டதைச் சரியாகத்தான் எழுதியிருக்கிறான். மறுநாள் அந்த மூன்று பேரை மட்டும் திண்ணையில் உட்கார வைத்து, எழுபது, எண்பது, அடுத்து என்ன என்று பத்துப் பத்தாக எண்ணிக்கொண்டே எழுத வைத்தேன். எண்ணூறு, எண்பது இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லியும் பார்த்தேன், அதில் இன்னும் ஒருவன் மாட்டினான்.

வாய்க்கணக்கில் தப்பு வந்தால் கழித்தல் தெரியவில்லையா, எண்ணின் பெயரே தெரியவில்லையா என்று பார்த்துக்கொள்ளுங்கள் சார்.

பழையமணி

அம்மா, 33 வருஷத்தில் எனக்கு இது தோன்றவில்லை. இரண்டாம் வகுப்பில் எத்தனை பேரை இதற்குத் திட்டியிருப்பேனோ.

வாசிப்பைக் கேட்டீர்கள் தம்பி. பிரதம் என்ற தொண்டு நிறுவனம் 2005-லிருந்து ஏசர் என்ற கல்விக் கணக்கெடுப்புக்காக வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளை வாசிக்க வைக்கிறதே, அந்த வரிசை வசதியானது: எழுத்து, சொல், சின்னப் பத்தி, கொஞ்சம் நீளமான கதை. தனித்தனியாகக் கூப்பிட்டு வாசிக்க வைப்பார்கள். எந்த இடத்தில் நிற்கிறான் என்று ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். ஆனால் உங்கள் மூன்று வரிசையைப் போலத்தான், அதுவும் இடத்தை மட்டும் சொல்லும். வாசிக்கும்போது நீங்கள் கையில் பென்சிலோடு உட்கார்ந்து, தப்பிய சொல்லின் மேல் பிள்ளை என்ன சொன்னதோ அதை எழுதிக்கொள்ளுங்கள். "தப்பு" என்று கோடு போடாதீர்கள், சொன்னதை எழுதுங்கள்.

நான் அதிகம் பார்த்தது ஒகரமும் ஓகாரமும். "கொடி" என்பதைக் "கெடி" என்று வாசிப்பான், "தோடு" என்பதைத் "தேடு" என்பான். எழுத்துக்கு முன்னால் கொம்பைப் பார்த்ததும் எகரம், ஏகாரம் என்று முடிவு செய்துவிடுகிறான், பின்னால் வருகிற காலைப் பார்ப்பதற்குள் வாய் முந்திக்கொள்கிறது. இவனுக்கு 247 எழுத்தையும் மறுபடி முதலிலிருந்து நடத்துவார்கள், ஐயோ. கெடு, கொடு, தேள், தோள், செல், சொல் என்று இருபது சொல் ஜோடி போதும். நாலு பேரை வைத்துக்கொண்டு விளையாட்டாகவே முடிக்கலாம்.

இன்னொரு வகை, முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியைக் கற்பனை செய்வது. "மரங்களை" என்றிருக்கும், "மரம்" என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பான். பார்க்க வேகமாக வாசிக்கிற பிள்ளை போலத் தெரியும், எல்லோரும் ஏமாறுவோம். இவனுக்கு எழுத்து தெரியும், வால் வரைக்கும் பார்க்கிற பழக்கம் இல்லை. மரம், மரத்தை, மரத்தில், மரங்கள் என்று ஒரே சொல்லை வெவ்வேறு வாலோடு சீட்டாக எழுதிக் கலைத்துப் போடுங்கள்.

கணக்குக்கும் வாசிப்புக்கும் ஒரே குழுவை வைத்துக்கொள்ளாதீர்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். உங்கள் அரும்புப் பெண் எப்படி வாசிப்பாள்?

ஏழுமணிபஸ்

நன்றாக வாசிப்பாள் டீச்சர். கதையை நிறுத்தாமல் வாசிப்பாள். கணக்கில் பூஜ்யம் என்பதால் தமிழுக்கும் அதே வரிசையில்தான் உட்கார்ந்திருந்தாள். இதை எழுதும்போதே கையைக் கட்டிப்போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது.

சாக்பீஸ்தூள்

ஒரு விஷயம் கேட்கிறேன், கிண்டலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்தத் தப்பு விடைகளை எல்லாம் எங்கே எழுதி வைப்பது? அதற்கும் ஒரு பதிவேடு, அதற்கும் ஒரு கையெழுத்து என்று ஆகிவிடாதா?

பழையமணி

ஒரு 40 பக்க நோட்டு, உங்கள் பையில் இருக்கட்டும். யாருக்கும் காட்டாதீர்கள். காட்டினால் அடுத்த மாதம் அதற்கு ஒரு படிவம் அச்சடித்துக் கொண்டுவந்துவிடுவார்கள். பத்து நாளைக்கு ஒரு பக்கம். 706 என்று எழுதி அதன் கீழே நாலு பெயர். 794 என்று எழுதி அதன் கீழே நாலு பெயர். தெளிந்தவன் பெயரை அடியுங்கள். பக்கத்தில் எல்லாப் பெயரும் அடிபட்டால் பக்கத்தைத் திருப்புங்கள். சதவீதம் எல்லாம் வேண்டாம். செயலிக்குக் கொடுக்க வேண்டியதைச் செயலிக்குக் கொடுங்கள், அது வேறு கணக்கு.

ஏழுமணிபஸ்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், நன்றாகப் போகாததையும் சேர்த்து.

முதல் இரண்டு நாள் சொதப்பல். ஈர்க்குச்சிக் கட்டோடு நாலு பேரை மூலையில் உட்கார வைத்ததும், மற்ற இருபத்திரண்டு பேரும் குச்சியைப் பார்க்க எழுந்து வந்துவிட்டார்கள். மூன்றாம் நாள் குழுவை வெளியே புங்கமரத்தடிக்குக் கொண்டுபோய், நான் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டேன், இரண்டு பக்கமும் தெரியும்படி. அப்புறம் ஓடியது. ஒருவன் 52-ல் 27 கேட்டதும் இரண்டு உதிரியையும் இரண்டு கட்டையும் கொடுத்துவிட்டு, "இன்னும் அஞ்சு குடுக்கணும் சார், ஆனா எங்கிட்ட கட்டுதான் இருக்கு" என்று கையில் கட்டை வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தான். வாயைத் திறக்காமல் இருந்தேன். நீங்கள் சொன்னது நிஜம் டீச்சர், ரொம்பக் கஷ்டம். அரை நிமிஷம் கழித்து ரப்பர்பேண்டைப் பல்லால் கடித்துப் பிரித்தான்.

நாலு பேரில் மூன்று பேர் தெளிந்துவிட்டார்கள். நாலாமவன் குச்சியில் போடுகிறான், தாளில் எழுதினால் பழையபடி 36 வருகிறது. அவன் பெயர் இன்னும் அடிபடவில்லை. சில்லறைக் குழுவுக்கு மூன்று நாள் போதும் என்று நினைத்தேன், ஆறு நாள் ஆயிற்று. 34 எழுதியவனை அவர்களோடு சேர்த்துவிட்டேன், அவனுக்கும் பத்து நோட்டு ஒன்று குறைவதைக் கண்ணால் பார்ப்பதுதான் வேண்டியிருந்தது. பிடிபடாத நாலு பேரில் இரண்டு பேருக்குக் கணக்கில் குறையே இல்லை, கரும்பலகையைப் பார்த்துத் தாளில் எழுதும்போது எண்ணைத் தப்பாக எழுதிக்கொள்கிறார்கள். ஒரு பையன் 613-ஐ 618 என்று எழுதிக்கொண்டு அதைச் சரியாகவே கழித்திருக்கிறான். அவனை முன்னால் உட்கார வைத்திருக்கிறேன், கண் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லி அம்மாவிடமும் பேசியாயிற்று.

அந்தப் பெண்ணுக்கு நீங்கள் சொன்ன மாதிரி ஒரு மதிய இடைவேளைதான் பிடித்தது. கட்டத்தில் பின்னால் தாண்டியவள், மூன்றாவது தாண்டலில் அப்படியே நின்று, "அய்யோ, இத்தனை நாளா நின்ன எடத்தையும் எண்ணிட்டேன் சார்" என்றாள். வெள்ளிக்கிழமைச் சீட்டில் மூன்றுக்கு மூன்று. திங்கட்கிழமை வந்து, "இப்ப நான் எங்க உக்காரணும்?" என்று கேட்டாள். எங்கே வேண்டுமானாலும் என்றேன். ஜன்னல் ஓரம் போய் உட்கார்ந்துவிட்டாள், அங்கே காற்று வரும்.

இப்போது வகுத்தல் தொடங்கியிருக்கிறேன். நேற்று 412 ÷ 4 கொடுத்தேன். ஏழு பேர் 13 என்று எழுதியிருக்கிறார்கள். நடுவில் வர வேண்டிய பூஜ்யத்தை விட்டுவிட்டார்கள், மறுபடியும் அட்டை நோட்டை எடுத்தால் சரியாகிவிடும் என்று நினைக்கிறேன். சரிதானே டீச்சர்?

பழையமணி

சரியாக இருக்கலாம். ஏழு தாளையும் பார்த்தீர்களா, ஒன்றைப் பார்த்தீர்களா?

ஏழுமணிபஸ்

மூன்று பார்த்தேன். மீதி நாலையும் எடுக்கிறேன், பஸ் வந்துவிட்டது.